பத்து நாற்பத்திரண்டு வரை கெட்டிமேளம்

அக்காவிடமிருந்து அழைப்பு வந்தபோது ஆனந்தராசா, இத்தாலியில் பலெர்மோ நகரத்து ஒரேத்தோ வட்டாரத்தில் ஐந்து மாடிக் கட்டடம் ஒன்றின் மூன்றாம் மாடிப் படியில் மொப்பும் கையுமாக நின்றார். அக்கா இந்திராதேவி சும்மா அழைக்கிற ஆளில்லை. அதுவும் வெள்ளிக்கிழமை பின்னேரம், மறுநாள் காலை ஒரே மகள் கேசிகாவின் கலியாணத்தை வைத்துக்கொண்டு, தம்பியைச் சுகம் விசாரிக்க அழைக்கிறாள் என்று நம்பும் அளவுக்கு அவருக்கு இன்னும் மூளை குழம்பவில்லை.

“டேய் ராசா, மேளகாரர் வரேல்லையாம்.”

“ஏனாம்?”

“பாரிஸிலை ஷோப்பெரோ. ஒரு பிளேனும் எழும்பாதாம்.”

பலெர்மோவில் முப்பது வருடம் சீவித்தவருக்கு ஷோப்பெரோ என்ற சொல்லுக்கு விளக்கம் தேவையில்லை. பஸ்காரர் செய்வார்கள், ரயில்காரர் செய்வார்கள், குப்பை அள்ளுகிறவர்கள் செய்வார்கள். வேலைநிறுத்தம் என்றால் இந்த ஊரில் அது ஒரு பருவகாலம். ஆனால் பாரிஸ்காரனும் தன் பங்குக்கு, நாதஸ்வரமும் தவிலும் விமானத்தில் ஏறவேண்டிய நாளாகப் பார்த்து வேலையை நிறுத்துவான் என்று யார் கண்டது?

“போனிலை கெட்டிமேளம் போடலாமே அக்கா. ஸ்பீக்கரிலை குடுத்தா...”

“நானும் கேட்டன். என்ர ஒரே பொடியன் போனிலை வாற சத்தத்துக்குத் தாலி கட்ட மாட்டான் எண்டு சம்பந்தி சொல்லிப்போட்டா.” அடுத்ததைச் சொல்ல அக்காவுக்கு வாய் வரவில்லை என்பது ஆனந்தராசாவுக்கு இங்கேயே விளங்கியது. “உன்ர ஆக்களைக் கூட்டிக்கொண்டு வா.”

மொப் வாளிக்குள் விழுந்தது.

அந்த ஆட்கள் யாரென்று இப்போதே சொல்லிவிடுவது நல்லது. ட்ரம்பெட் ஊதுகிறவர் பீலிக்ஸ். யாழ்ப்பாணம் குருநகரில் வேதக் கோயில் பாண்டில் ஊதிப் பழகியவர், இப்போது ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்துக்குப் பக்கத்து ஹோட்டலொன்றில் கட்டில் விரிப்பு மாற்றுகிறார். கிளாரினெட் வாசென். மொரீசியஸ் தமிழர், வருடம் தவறாமல் காவடி எடுப்பவர். தமிழில் முப்பது சொல் தெரியும், அதில் இருபது சாப்பாட்டுச் சாமான். ட்ரம்ஸ் லூக்கா, வாசெனின் தங்கை மகன். முப்பத்து நாலு வயது, பலெர்மோவிலேயே பிறந்தவன், மீன் சந்தையில் ஐஸ் உடைக்கிறான், அதே கையால் பின்னேரங்களில் ட்ரம்ஸையும் உடைக்கிறான். ட்ரொம்போன் நமது ஆனந்தராசா. அவர் வேலைசெய்த வீட்டு சிஞ்ஞோரா, செத்துப்போன புருஷனின் ட்ரொம்போனையும் இசைத்தட்டுகளையும் குப்பையில் போட்டுவிட்டு வரச் சொல்லிக் கொடுத்தாள். ஆனந்தராசா அவற்றைக் குப்பைத்தொட்டி வரைக்கும் கொண்டுபோனது உண்மை. தொட்டியைத் தாண்டித் தன் வீட்டுக்குக் கொண்டுபோனதும் உண்மை.

நால்வரையும் ஒன்றாகக் கட்டிப்போட்டது ஊருமில்லை, சமயமுமில்லை. டிக்ஸிலாண்ட் ஜாஸ். நூறு வருடத்துக்கு முன் நியூ ஓர்லியன்ஸ் தெருக்களில் கறுப்பு மனிதர்கள் ஊதித் தொடங்கிய சங்கதி. முதலில் எல்லாரும் சேர்ந்து பாட்டைச் சொல்வார்கள். பிறகு ஆளுக்கொரு முறை, தனித்தனியாகத் தங்கள் பெருமையைப் பேசுவார்கள். கடைசிச் சுற்றில் எல்லாரும் ஒரே நேரத்தில், ஒருவரையொருவர் கவனியாமல், உச்சக் குரலில் தங்கள் தங்கள் பாட்டுக்குப் பொரிந்து தள்ளுவார்கள். யாழ்ப்பாணத்துக் குடும்பக் கூட்டம் மாதிரித்தான். ஒரே வித்தியாசம், இவர்கள் எல்லாரும் ஒன்றாக முடிப்பார்கள்.

அந்தக் கடைசிச் சுற்று எப்போது என்பதற்கு ஒரு விதி வைத்திருந்தார்கள். பீலிக்ஸுக்கு ஒரு காது மந்தம், வாசெனுக்குத் தமிழ் மந்தம், லூக்கா அடிக்கும்போது கடவுள் வந்து கூப்பிட்டாலும் கேட்காது. ஆகவே ஆனந்தராசா ட்ரொம்போனின் நீட்டுக் குழாயைக் கூரையைப் பார்க்கத் தூக்கினால் எல்லாரும் உள்ளே பாய வேண்டும். பதினொரு வருடத்தில் அந்த விதி ஒருதரம்கூடப் பிழைத்ததில்லை.

இந்தப் பதினொரு வருடத்தில் பண்டா ஒரேத்தோ என்ற பெயரில் அவர்கள் ஊதாத இடமில்லை. உல்லாசப் பயணிகளுக்கு ஊதினார்கள், ஓய்வூதியக்காரரின் பிறந்தநாட்களுக்கு ஊதினார்கள், ஒரு பல்வைத்தியரின் விவாகரத்துக்குக்கூட ஊதினார்கள். தமிழர் ஒருவரும் கூப்பிட்டதில்லை. அக்கா ஒருநாள்கூட வந்து கேட்டதில்லை. தம்பி அறையில் பழகுவதை வாசலில் நின்று கேட்டுவிட்டு, “லொறி பின்னுக்கு எடுக்கிற மாதிரிக் கிடக்கு” என்று சொன்னதோடு அவளுடைய விமர்சனம் முடிந்தது. ஆனந்தராசா அதைப் பகிடியாக எடுத்துக்கொண்டதாகக் காட்டினார். உள்ளுக்குள் நொந்தது. கலியாணம் கட்டாமல் ஐம்பத்தாறு வயதாகிவிட்ட மனிதர். ஞாயிற்றுக்கிழமைச் சோறும் அக்கா வீட்டில், தீபாவளியும் அக்கா வீட்டில், காய்ச்சல் வந்தால் இரசமும் அங்கிருந்துதான் வரும். அவருக்கென்று இருந்த ஒரே துணையான அக்கா தன் ஊதலைக் கேட்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. வெட்கத்தில் யாருக்கும் சொல்லாத ஆசை.

“கெட்டிமேளம் அடிக்கிற நேரம் மட்டும் பலமா வாசியுங்கோ. மிச்ச நேரம் பூனை மாதிரி,” என்றாள் அக்கா போனில். “ஒரு பிழை விட்டியோ ராசா, இனி என்ர வாசல்படி மிதியாதை. பகிடிக்குச் சொல்லேல்லை.”

பகிடியில்லை என்பது அவருக்குத் தெரியும். ஏதோ ஒரு பந்தியில் தனக்கு வடை வைக்காமல் போனதற்காகப் புருஷனின் தமையனோடு பதினாலு வருடமாகக் கதைக்காதவள் அவள். வடைக்கே பதினாலு என்றால் மகளின் தாலிக்கு எத்தனை?

அன்று பின்னேரமே பீலிக்ஸின் கராஜில் கூடினார்கள். கெட்டிமேளம் என்றால் என்னவென்று ஆனந்தராசா விளக்கத் தொடங்க, பீலிக்ஸ் கையை உயர்த்தினார்.

“எல்லாரும் ஒண்டாச் சேர்ந்து, வேறை ஒரு சத்தமும் கேளாத மாதிரி வெளுத்து வாங்கிறது. அப்ப எங்கட கடைசிச் சுத்துத்தானே?”

அதேதான். ஆனந்தராசாவுக்கு உடம்பு சிலிர்த்தது. இவ்வளவு காலமும் தான் ஊதியது கெட்டிமேளம் என்று தனக்கே தெரியாமல் போயிற்றே! ஐயர் விரலைக் காட்டும்வரை குழாயைத் தூக்குவதில்லை என்று அவர் மூன்று பேருக்கும் முன்னால் சத்தியம் பண்ணினார்.

சனிக்கிழமை காலை, நகர ஓரத்துப் பிரான்காச்சோவில், டயர் ஒட்டுகிற பட்டறைக்கும் பூட்டிய களஞ்சியத்துக்கும் நடுவில் இருந்த வாடகை மண்டபத்தில் கலியாணம். உள்ளே நுழைந்தால் பொன்னிற மணவறை, பிளாஸ்டிக் வாழைமரம், இருநூற்றைம்பது சனம். வெளியே டயரின் வாசம். முகூர்த்தம் பத்து நாற்பத்திரண்டுக்கு. சனிக்கிழமை ஒன்பதிலிருந்து பத்தரை வரைக்கும் ராகுகாலம், அந்த நேரத்தில் தாலி ஏறக்கூடாது என்று அக்கா சமையல்காரன் முதல் வீடியோக்காரன் வரைக்கும் சொல்லி வைத்திருந்தாள். வீடியோக்காரன் சிசிலிக்காரன். அவனும் பயத்தில் தலையாட்டினான்.

மாப்பிள்ளை யசிந்தன் ஜெர்மனியில் வளர்ந்த பிள்ளை, சொன்னதைச் சொன்னபடி செய்கிறவன். தாலிக்கொடியின் இரண்டு முனையையும் சேர்க்கிற சுரையைப் பூட்டத் தெரியாமல் மணவறையில் தடுமாறிய மாப்பிள்ளைகளின் கதைகளைக் கேட்டுக் கேட்டு, தாயின் சங்கிலியில் ஒரு மாதம் பழகிவிட்டு வந்திருந்தான். “மேளம் கெட்டியா வந்த உடனை கட்டிப்போடு. அங்கை இஞ்சை பாக்காதை, ஒண்டையும் யோசியாதை,” என்று தாய் காலையிலிருந்து ஒன்பது தரம் சொல்லியிருந்தாள். யோசிக்காமல் இருப்பதற்கு அவன் முழுத் தயாராக உட்கார்ந்திருந்தான்.

எல்லாம் கணக்காகத்தான் போயிற்று. கெட்டது கூறை மாற்றப்போன இடத்தில். கூறைச் சேலை வாங்கிக்கொண்டு உள்ளே போகிற பொம்பிளை முக்கால் மணித்தியாலத்துக்கு வெளியே வரமாட்டாள். உலகத்தில் எந்தக் கண்டத்திலும் எந்த ஐயரும் அதை நம்பித்தான் நேரத்தை வகுப்பார். மிலானோவிலிருந்து வந்த அலங்காரக்காரி நிரோசினி பதினைந்தே நிமிடத்தில் கேசிகாவை உடுத்தி வெளியே அனுப்பிவிட்டாள். அந்தப் பிள்ளையின் திறமைக்குக் கைகொடுக்கலாம், ஆனால் அவசரத்துக்குக் காதைத் திருகலாம். தாலித் தட்டமும் சபையைச் சுற்றி ஆசி வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டது. மணிக்கூட்டைப் பார்த்தால் பத்தேகால். மந்திரம் முடிந்துவிட்டது, ராகுகாலம் முடியவில்லை.

ஐயர் பெருமூச்சு விட்டார். கத்தானியாவிலிருந்து விடிய எழும்பி வந்தவர், பின்னேரம் அங்கே ஒரு வீடு குடிபூரலும் வைத்திருந்தவர்.

“தம்பிமார், பத்து நாப்பத்திரண்டு மட்டும் ஏதாவது மெதுவா வாசியுங்கோ. சனம் எழும்பிச் சாப்பிடப் போகாமல் இருக்கட்டும்.”

வாசித்தார்கள். பூனை மாதிரித்தான் தொடங்கினார்கள். பீலிக்ஸ் ட்ரம்பெட்டின் வாயில் ஒரு மூடியைச் செருகி அடக்கமாகப் பாட்டைச் சொன்னார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. முன்வரிசைப் பெண்கள் ஒருவருடைய அட்டியலை மற்றவர் கண்ணால் நிறுத்துக்கொண்டிருந்தார்கள். பின்வரிசையில் இரண்டு பேர் பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கப் போய், குவெஸ்தூரா என்கிற பொலிஸ் அலுவலகத்தில் தூங்கிய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். வாசெனின் முறை வந்தது. கிளாரினெட் கொஞ்சம் குழைந்து, கொஞ்சம் கிண்டலடித்து, ஏணிப்படியில் குட்டிப் பிள்ளை இறங்குவதுபோல் தடதடவென்று இறங்கியது. அட்டியல்கள் ஓய்ந்தன. ஒரு கிழவர் தலையை ஆட்டினார். பெர்மெஸ்ஸோக்காரர் இருவரும் வாயைப் பிளந்தபடி இருந்தார்கள்.

பிறகு ஆனந்தராசாவின் முறை. அவர் குழாயை இழுத்து, ஒரு நீண்ட சுரத்தைச் சறுக்கவிட்டு, சபையைப் பார்த்தார். அப்போதுதான் அதைக் கண்டார். மணவறைக்குப் பக்கத்தில், முகத்தைப் பொலிஸ்காரி மாதிரி வைத்துக்கொண்டிருந்த அக்காவின் காஞ்சிபுரச் சேலைக்குக் கீழே, வலது கால் பெருவிரல் எழும்பி எழும்பி விழுந்துகொண்டிருந்தது. லூக்காவின் பெரிய ட்ரம் எங்கே விழுந்ததோ அங்கே அந்த விரலும் விழுந்தது. ஒரு தரம் தற்செயல் எனலாம். எட்டுத் தரம் எண்ணினார் ஆனந்தராசா.

பதினொரு வருடம்! அந்த மனிதருக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. ராகுகாலம் மறந்தது, ஐயர் சொன்னது மறந்தது, சத்தியம் மறந்தது, தான் பிரான்காச்சோவில் நிற்பதே மறந்தது. இரண்டு கையும் தாமாகவே எழும்ப, ட்ரொம்போன் குழாய் கூரையைப் பார்த்தது.

விதி என்றால் விதி. மூன்று பேரும் உள்ளே பாய்ந்தார்கள்.

பீலிக்ஸின் மூடி பறந்தது. வாசென் வீரிட்டார். லூக்கா ஒரு வாரத்து ஐஸை ஒரேயடியாக உடைத்தான். இருநூற்றைம்பது தமிழருக்கு அந்தச் சத்தம் காதில் விழுந்ததும் என்ன செய்ய வேண்டுமென்று யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை; பிறந்த நாளிலிருந்து பழகியது. எல்லாரும் எழும்பினார்கள், எல்லாரும் அரிசியும் பூவும் எறிந்தார்கள். மாப்பிள்ளை யசிந்தன் அங்கே இங்கே பார்க்கவில்லை, ஒன்றையும் யோசிக்கவில்லை. தட்டத்திலிருந்த தாலிக்கொடியைத் தூக்கிக் கேசிகாவின் கழுத்தில் போட்டான்.

“பூட்டாதை!” என்று ஐயர் பாய்ந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தார். “தம்பி, சுரையைப் பூட்டாதை!”

மணி பத்து இருபத்துமூன்று. ராகு நடுவீட்டில் குந்தியிருந்தார்.

“கழட்டுங்கோ!” என்று சம்பந்தி கத்தினாள்.

“ஏறின தாலியை இறக்கிறதோ? வாயைக் கழுவுங்கோ!” என்று அக்கா கத்தினாள்.

“மிங்க்யா!” என்றாள் பொம்பிளை. அந்தச் சொல்லுக்குச் சிசிலியில் என்ன பொருள் என்பதை இங்கே எழுத முடியாது. கத்தானியாவில் பத்து வருடம் இருந்த ஐயருக்குத் தெரியும். தெரியாதவர்போல் மேலே பார்த்தார்.

ட்ரொம்போனை வாயிலிருந்து எடுக்கப்போன ஆனந்தராசாவை நோக்கி ஐயரின் கை நீண்டது.

“நிப்பாட்டாதேங்கோ! மேளம் நிண்டால் கருமம் முடிஞ்சதாப் போயிடும். தாலி இன்னும் பூட்டேல்லை, மேளம் இன்னும் நிக்கேல்லை. ரெண்டும் பத்து நாப்பத்திரண்டுக்கு ஒண்டா முடியோணும். விளங்கிச்சுதோ?”

இந்தச் சாத்திரம் எந்த ஏட்டில் இருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. ஐயர் சொன்ன வேகத்தைப் பார்த்தால் ஏடு அப்போதுதான் எழுதப்பட்டது போலிருந்தது. ஆனால் அதைவிட நல்ல வழி யாரிடமும் இல்லை.

ஆகவே மாப்பிள்ளை, பொம்பிளையின் பிடரியில் சங்கிலியின் இரண்டு முனையையும் இரண்டு விரலால் பிடித்தபடி, பத்தொன்பது நிமிடம் நின்றான். நாலு பேர் கொண்ட பண்டா, அரை நிமிடத்தில் முடிய வேண்டிய கடைசிச் சுற்றைப் பத்தொன்பது நிமிடம் வாசித்தது.

முதல் ஐந்து நிமிடம் உற்சாகத்தில் போயிற்று. எட்டாவது நிமிடத்தில் அரிசி தீர்ந்துவிட்டது. சனம் குனிந்து நிலத்திலிருந்து அள்ளி மறுபடி எறிந்தது. அரிசியோடு யாரோ ஒருத்தியின் தோடும் பறந்தது. பத்தாவது நிமிடத்தில் பீலிக்ஸ் சிவப்பிலிருந்து கத்தரிக்காய் நிறத்துக்கு மாறி, ஒரு கதிரையில் விழுந்து, சோடாப் போத்தலைக் கட்டிப்பிடித்தார். “மா கெ சுச்செதெ?” என்று என்ன நடக்கிறதென்று கேட்பதற்காக வாயை எடுத்த வாசெனுக்கு இருமல் பிடித்துக்கொண்டது. மிஞ்சியது ட்ரம்ஸும் ட்ரொம்போனும். லூக்காவுக்கு இது வாழ்க்கையின் பொன்னாள், அவன் இன்னும் ஒரு மணித்தியாலம் அடிப்பான். ட்ரொம்போன் அப்படியில்லை. அது மூச்சில் ஓடுகிற சாமான்.

ஆனந்தராசாவின் நெற்றி வேர்வை கண்ணுக்குள் இறங்கி எரிந்தது. உதடு எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை. மூச்சு அறுந்தால் மேளம் அறும், மேளம் அறுந்தால் அக்காவும் அறுந்துவிடுவாள் என்ற நினைப்பு மட்டும் தலைக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. அவர் பயந்தார்.

அந்த நேரம் அக்கா மணவறையிலிருந்து இறங்கி நேரே அவரிடம் வந்தாள். அடிக்கத்தான் வருகிறாள் என்று அவர் நினைத்தார். அவள் காஞ்சிபுரத் தலைப்பைச் சுருட்டி அவருடைய கண்ணையும் நெற்றியையும் அழுத்தித் துடைத்தாள். பானை துடைக்கிற துடைப்பு.

“இன்னும் ஆறு நிமிசம். ஊது.”

ஊதினார். அவள் அங்கேயே நின்றாள். பிறகு திரும்பி, “என்ன பாத்துக்கொண்டு நிக்கிறியள்? கையைத் தட்டுங்கோவன்!” என்று சபையைப் பார்த்து ஒரு சத்தம் போட்டாள். இருநூற்றைம்பது பேர் கைதட்டினார்கள். முதலில் பயத்தில்தான் தட்டினார்கள், இரண்டு நிமிடத்தில் தாளத்தில் தட்டினார்கள். பெர்மெஸ்ஸோக்காரர்கள் கதிரையில் ஏறிவிட்டார்கள். சம்பந்தி முறைப்பான முகத்தோடு, ஆனால் சரியான இடத்தில், தட்டினாள். பீலிக்ஸ் கதிரையை விட்டு எழும்பி வந்து சேர்ந்தார், வாசென் இருமிய கையோடு சேர்ந்தார், பொம்பிளையின் தோள் இரண்டும் மெல்ல ஆடத் தொடங்கின. பிடரியில் சங்கிலியைப் பிடித்திருந்த மாப்பிள்ளையும் வேறு வழியில்லாமல் கூடவே ஆடினான்.

பத்து நாற்பத்திரண்டு. ஐயரின் விரல் உயர்ந்தது. சுரை பூட்டியது. ஆனந்தராசா குழாயை இறக்கினார், நாலு பேரும் ஒரே அடியில் முடித்தார்கள்.

மண்டபம் இரைந்தது, சிரித்தது, அழுதது. அந்த இரைச்சல் அடங்கியதும் அக்கா இடுப்பில் கையை வைத்தாள்.

“இப்பச் சொல்லுங்கோ. ராகுகாலத்திலை தொடக்கினது ஆர்?”

பீலிக்ஸ் முந்திக்கொண்டார். “எனக்கு ஒரு காது மந்தம் அக்கா, நான்தான்...” லூக்காவும் கையைத் தூக்கினான். “நோ, சிஞ்ஞோரா, நான். கை வழுக்கினது.” நண்பர்கள் என்றால் இப்படி இருக்க வேண்டும். பேசாமல் நின்றிருந்தால் ஆனந்தராசா தப்பியிருப்பார்.

அவருக்குத் தப்ப மனமில்லை. தப்பினால் அந்தப் பெருவிரலைத் தான் கண்டது அவளுக்குத் தெரியாமலே போய்விடும். அவர் தன் நெஞ்சைத் தொட்டுக்காட்டினார். பிறகு விரலை நீட்டி அக்காவின் காலைக் காட்டினார். தன் கால் பெருவிரலை லூக்காவின் தாளத்துக்கு எட்டுத் தரம் தூக்கித் தூக்கிப் போட்டும் காட்டினார்.

இருநூற்றைம்பது பேர் இந்திராதேவியின் காலைப் பார்த்தார்கள். அவள் அதைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள். முகம் சிவந்தது, கறுத்தது. வாசல்படி போயிற்று என்று ஆனந்தராசா நினைத்தார். போனால் போகட்டும் என்று நினைக்க முயன்றார், முடியவில்லை.

அக்கா கிட்ட வந்தாள். யாருக்கும் கேட்காத குரலில் கேட்டாள்.

“டேய், நீங்கள் வாசிச்சது... இதுக்கு என்னடா பேர்?”

பதினொரு வருடமாக அவள் கேட்காத கேள்வி அது. அதற்கான பதிலை ஆனந்தராசா எத்தனையோ படிக்கட்டுகளைத் துடைக்கும்போது மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்திருக்கிறார். நியூ ஓர்லியன்ஸிலிருந்து தொடங்கி, சிஞ்ஞோராவின் புருஷன் வழியாக, அரை மணித்தியாலம் வரும். அவர் வாயைத் திறந்தார். பத்தொன்பது நிமிடம் ஊதிய உதடு தோசைபோல் வீங்கித் தடித்து மரத்துப்போயிருந்தது.

“திக்... திப்...” என்றார். அதற்கு மேல் ஒரு எழுத்தும் வரவில்லை. கண்ணிலிருந்து மட்டும் தண்ணீர் வந்தது.

“சரி, சரி. நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை. வீட்டை வந்து சொல்லு,” என்றாள் அக்கா.